சென்னியப்பன் கையில குத்தமில்லை

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாமுங்க, ஒருபக்கமாச் சாயும். இந்தப் பெஞ்சுல உக்காருங்க. விடியால பால் ஊத்தற கூட்டம் இப்பத்தான் கலைஞ்சுது. இனிப் பொழுதோட நாலு மணி வரைக்கும் சொசைட்டியில ஈ காக்கா வராது, நிம்மதியாப் பேசலாம். நோட்டை எடுத்து வெச்சுக்குங்க. நான் சொல்றதை அப்படியே எழுதோணும், சுருக்கப்படாது. அந்த டாக்டரம்மா அப்படித்தான், நான் நூறு வார்த்தை பேசுனா அது ரெண்டு வார்த்தை எழுதிக்கும். மேலாபீஸ்ல இருந்து விசாரிக்க ஆளு வர்றாங்கன்னு கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமுங்களா!

என்ற பேரு சென்னியப்பன். இந்தச் சின்னக்கள்ளிவலசு பால் சொசைட்டியில மாட்டுக்குச் சினை ஊசி போடறவன். இருபத்தாறு வருசம் ஆச்சுங்க. சுத்துப்பட்டு ஏழெட்டு ஊர்ல எந்தக் கட்டுத்தரையில வேணா போய் நில்லுங்க. அங்க கட்டியிருக்கற மாட்டுல பாதி நான் போட்ட ஊசியில பொறந்தது. எனக்குன்னு ஒரு பேரு உண்டுங்க. 'மாடு கத்துதா? சென்னியப்பண்ணனைக் கூப்புடு. அவரு கைராசி, ஒரே ஊசியில நின்னுரும்'பாங்க. சந்தையில புது மாடு வாங்கிட்டு வந்தா வீட்டுக்குள்ள புடிச்சுக் கட்டறதுக்கு முன்னாடி என்னையக் கூட்டியாந்து முதுகுல கை வெக்கச் சொல்றவிய இருந்தாங்க. இருந்தாங்க சார். இப்ப இல்லை. இப்பப் பக்கத்தூர்ல இருந்து ஒருத்தன் பைக்குல வந்து போட்டுட்டுப் போறான். என்ற வீட்டு வாசல் வழியாத்தான் போறான், ஹாரன் வேற அடிக்கறான்.

எனக்கு உங்ககிட்ட வேண்டியது ஒண்ணே ஒண்ணுதானுங்க. நீங்க விசாரிச்சு முடிச்சதும் ஒரு வரி எழுதிக் கொடுக்கோணும். 'சென்னியப்பன் கையில குத்தமில்லை.' அவ்வளவுதான். முத்திரை குத்திக் கொடுத்தீங்கன்னா இந்தச் செவுத்துல ஒட்டிப்போடுவேன். பால் ஊத்த வர்றவன் எல்லாம் படிக்கட்டும்.

அந்த டாக்டரம்மா போன மார்கழியில வந்துச்சுங்க. பேரு செங்கொடி. டாக்டர் செங்கொடி. அப்பன் எந்தக் கட்சியில இருந்திருப்பான்னு கேக்கவே வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கம். முப்பது வயசு இருக்கும். வந்த அன்னைக்கே இந்தப் பெஞ்சுல உக்காந்து ஊர்க்காரங்களுக்கெல்லாம் சொல்லுச்சு. எங்கியோ பண்ணையில இருபத்தஞ்சு லிட்டர் கறக்கற மாடு இருக்குதாம். அதோட முட்டையை எடுத்து, லேப்புல கண்ணாடித் தட்டுல வெச்சு, நல்ல காளையோட விந்தைச் சேத்து, ஏழு நாளு வளத்திக் கருவாக்கிருவாங்களாம். அதைக் கொண்டாந்து நம்மூரு மாட்டு வயித்துல வெக்கறதாம். நம்ம மாடு கறக்கறது எட்டு லிட்டரா இருந்தாலும் பொறக்கற கன்னு இருபத்தஞ்சு லிட்டர் வம்சம். நம்ம மாடு வாடகை வீடு, அவ்வளவுதான்.

நல்ல திட்டந்தானுங்க, நான் இல்லைன்னு சொல்லலை. அப்புறம் அந்தம்மா சொல்லுச்சு பாருங்க: 'லேப்ல இருந்து அன்னைக்கே கொண்டாந்து வெச்சா பத்துக்கு நாலு நிக்கும். உறைய வெச்ச கருன்னா பத்துக்கு மூணுதான் எதிர்பாக்கணும்.' எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. பத்துக்கு மூணா? இதைச் சொல்லிக்கவா காரு போட்டுக்கிட்டு வந்தீங்கன்னு கேட்டுப்போட்டேன். ஊரே சிரிச்சுது. அந்தம்மா சிரிக்கலை. 'உங்க ஊசியில பத்துக்கு எத்தனைண்ணே நிக்குது?'ன்னு கேட்டுச்சு. 'எல்லாம் நிக்கும்'னேன். 'எழுதி வெச்சிருக்கீங்களா?'ன்னுச்சு. எழுதி வெக்கறதா! கைராசியை எவனாவது நோட்டுல எழுதி வெப்பானுங்களா? சில மாட்டுக்கு மூணு தடவை, நாலு தடவை போடோணும், அது மாட்டோட கோளாறு. அதையெல்லாம் என்ற தலையில எழுத முடியுமா? அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது என்னைய மட்டந்தட்டத்தான் வந்திருக்குதுன்னு.

தை மாசம் முதல் தடவை எட்டு மாட்டுக்கு வெச்சாங்க. லேப்புல இருந்து வெதுவெதுன்னு ஒரு பொட்டியில அன்னைக்கே கொண்டாந்த கரு. ஒவ்வொரு மாட்டுக்கும் முன்னாடி நான் போய் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எட்டுல நாலு நின்னுச்சு. ஊர்ல என்ன பேசிக்கிட்டாங்க தெரியுமுங்களா? 'சென்னியப்பண்ணன் தொட்டதாலதான் நாலாவது நின்னுச்சு'ன்னாங்க. நான் சொல்லலீங்க, ஊர் சொல்லுச்சு.

இதுவரைக்கும் தகராறு இல்லை. கெரகம் அதுக்கப்புறந்தான் புடிச்சுது. எல்லா மாடும் ஒரே நாள்ல பருவத்துக்கு வருமுங்களா? வராது. பருவம் வந்து கத்துன ஏழாவது நாளுதான் கருவை வெக்கோணுமாம். அதனால மீதி இருபத்திநாலு கருவையும் உறைய வெச்சுக் கொண்டாந்து நம்ம சொசைட்டி நைட்ரஜன் கேன்ல போட்டுட்டுப் போயிட்டாங்க. அதா, அந்த மூலையில நிக்குது பாருங்க, அலுமினிய அண்டாவாட்டம், அதுதான் கேன். உள்ள பனிக்கட்டியை விட நூறு பங்கு குளுரு. ஆறு குவளை தொங்கும், ஒவ்வொண்ணுக்கும் நீளமா ஒரு கம்பி. குவளைக்குள்ள குச்சி நிக்கும். டாக்டருங்க ஸ்ட்ராம்பாங்க, நமக்குக் குச்சி. என்ற காளை விந்துக் குச்சி ரெண்டு குவளை. மிச்சம் நாலுல அந்தம்மாவோட கருக் குச்சி. ஒவ்வொரு குச்சிக்கும் நம்பர் போட்டு, இந்த நம்பர் இந்த வீட்டுக்குன்னு பேரு எழுதி ஒரு அட்டையைச் செவுத்துல மாட்டிருச்சு.

கேனுக்குச் சாவி என்ற இடுப்புலதானுங்க, இருபத்தாறு வருசமா. அந்தம்மா கேட்டுச்சு. தரமாட்டேன்னுட்டேன். தலைவரும் 'அது சென்னியப்பன் பொறுப்பு'ன்னுட்டாரு. அப்ப அந்தம்மா எனக்குப் பாடம் எடுக்குது: 'அண்ணே, குவளையைக் கேன் கழுத்துக்கு மேல தூக்கக் கூடாது. உள்ளயே வெச்சு எடுக்கணும். அஞ்சு எண்ணுறதுக்குள்ள திரும்ப இறக்கிடணும். கரு ஒரு தடவை இளகுனா உடனே மாட்டு வயித்துக்குப் போயிடணும். இளகி மறுபடி உறைஞ்சுதுன்னா செத்துடும்.' எனக்கு! கேனு புடிச்சுத் தோல் காய்ச்சுப்போன கை சார் இது. விந்துக் குச்சியை நான் எப்படி எடுப்பேன் தெரியுமுங்களா? குவளையை மேல தூக்கி, வெளிச்சத்துல நம்பரைப் பாத்து, எந்தக் காளைன்னு மாட்டுக்காரனுக்கும் காட்டிப்போட்டுத்தான் எடுப்பேன். இத்தனை வருசமா அப்படித்தான். அதுல கன்னு பொறக்கலையா? அந்தம்மாகிட்டயும் கேட்டேன். 'விந்துக் குச்சியில கோடிக்கணக்குல உசுரு இருக்கும்ண்ணே, பாதி செத்தாலும் மிச்சம் வேலை செய்யும். இதுல ஒரே ஒரு உசுருதான்'னுச்சு. வாய்க்கு வந்ததைச் சொல்றதுதானே.

ஒரே ஒரு உசுருன்னு சொன்னது மட்டும் மனசுல நின்னுபோச்சுங்க. வீட்ல வந்து ருக்குமணிகிட்டச் சொன்னேன். ருக்குமணி என்ற சம்சாரம். எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. அதைச் சொல்லிப் பரிதாபம் தேடிக்க வரலை, விவரத்துக்குச் சொல்றேன். ஊரெல்லாம் கன்னு பொறக்க வெச்சவன் வீட்ல தொட்டில் ஆடலைன்னு ஏளனம் பேசறவியளும் உண்டு. எங்க வீட்ல கறவை மாடு போக, இன்னும் கன்னு போடாத ஒரு செவலைக் கெடாரி நிக்குது, ருக்குமணி சோறு வடிச்ச தண்ணியில வளத்தினது. அதையும் திட்டத்துல சேத்திருந்தோம். நம்பர் பதினேழு. ருக்குமணி அடுத்த நாளு, வெள்ளிக்கெழமை, பால் ஊத்த வந்தவ போகாம நின்னுக்கிட்டே இருந்தா. 'ஏனுங்க, நம்ம பதினேழை ஒருதடவை காட்டுங்களேன்'னா.

காட்டாம இருக்க முடியுமுங்களா சார்? உங்க சம்சாரம் கேட்டா நீங்க காட்டமாட்டீங்களா?

தூக்கிக் காட்டுனேன். வெள்ளையாப் புகை வழிஞ்சு எங்க காலைச் சுத்திக்கிச்சு. குச்சி நூலாட்டம் இருக்குது, உள்ள ஒண்ணும் தெரியலை. அவ கண்ணை இடுக்கிக்கிட்டுப் பாத்துக்கிட்டே நிக்கறா. 'உள்ள தூங்குதுங்களா?'ன்னு கேட்டா. 'தூங்குது'ன்னேன். அப்புறம் வெள்ளிக்கெழமை தவறாம வந்துருவா. துன்னூறு கொண்டாந்து கேன் மேல வெச்சுக் கும்பிட்டுப்போட்டு, 'ஒருக்காக் காட்டுங்க'ம்பா. நானும் காட்டுவேன். கல்யாணமாகி முப்பது வருசத்துல என்ற சம்சாரம் எங்கிட்டச் சிரிச்சுப் பேசுன வெள்ளிக்கெழமைங்க அதெல்லாம்.

ருக்குமணி பாத்தா ஊரு சும்மா இருக்குமா? அடுத்த வாரம் ரங்காத்தா வந்தா, 'எங்களதையும் காட்டுங்க'ன்னு. அப்புறம் கொமரவேலு. பொண்ணு பாக்கற மாதிரி வீட்டோட வர ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தர் பூ கொண்டாருவாங்க, ஒருத்தர் வெத்தலை பாக்கு. 'அண்ணா, உங்க கைப்படத் தூக்குங்க, உங்க ராசியாவது ஒட்டட்டும்'பாங்க. நான் நம்பரைப் படிச்சு, குச்சியைத் தூக்கி, கெழக்க பாத்துக் காட்டிப்போட்டு உள்ள வெப்பேன். மூணு குவளையில ஏழேழு குச்சி, இருபத்தொண்ணு. எல்லாருக்கும் காட்டியிருக்கேன். ஒருத்தருக்கு இல்லைன்னு சொல்லலை. நான் பாரபட்சம் பாக்கறவன் இல்லைங்க, எழுதிக்குங்க.

இதுலதான் ஒருநாள் பட்டக்காட்டு மரகதம் அவ மாமியாரு, நாத்தனாரு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கா. நான் குவளையைத் தூக்கிப் புடிச்சு நம்பரைத் தேடிக்கிட்டிருக்கறேன். அந்த நேரம் பாத்து வாசல்ல காரு. அந்தம்மா உள்ள வந்துச்சு. வந்த வேகத்துல, 'அண்ணே! கீழ எறக்குங்க! எறக்குங்கண்ணே!'ன்னு கத்திக்கிட்டே வந்து என்ற கையில இருந்து கம்பியைப் புடுங்கி உள்ள விட்டுருச்சு. பொம்பளைங்க நாலு பேரு முன்னாடி சார். என்ற கையைத் தட்டிவிட்டுப் புடுங்குச்சு. அந்தம்மாவுக்கு அவ்வளவு கோவம். 'இதுவரைக்கும் எத்தனை தடவை தூக்குனீங்க?'ன்னு கேக்குது. 'இதான் மொதத் தடவை'ன்னேன்.

பொய்தான். அவகிட்ட எனக்கெதுக்கு உண்மை? என்ற சொசைட்டியில, என்ற கேனு பக்கத்துல நிக்க வெச்சு, திருடனைப் புடிச்சாப்புல கேட்டா உண்மை வருமா?

அன்னையில இருந்து அந்தம்மா இருக்கும்போது நான் கேனைத் தொடறதில்லை. அந்தம்மா போனதுக்கப்புறம் தொடறதுதான். அதுவரைக்கும் வேணுங்கறவங்களுக்குக் காட்டிக்கிட்டிருந்தவன், அப்புறம் வேணாங்கறவங்களையும் கூப்புட்டுக் காட்டுனேன். ஆமாங்க. எனக்கும் ரோசம் இருக்குதுல்ல?

மாடு ஒவ்வொண்ணாக் கத்த ஆரம்பிச்சுது. ஏழாவது நாளு அந்தம்மா வரும். குச்சியைச் சின்னக் கேனுக்கு மாத்தி எடுத்துக்கிட்டு மாட்டுக்காரங்க வீட்டுக்குப் போகும். அங்க என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? எங்க வீட்லயே நான் கண்ணால பாத்தேன். குச்சியை வெளிய எடுத்துக் காத்துல புடிச்சுக்கிட்டு நின்னுச்சு! 'ஒண்ணு, ரெண்டு, மூணு'ன்னு பத்து வரைக்கும் எண்ணுச்சு. அப்புறம் வெதுவெதுன்னு தண்ணியில விட்டுச்சு. எனக்கு அஞ்சு, அவளுக்குப் பத்தா? நான் கேட்டேன், 'இப்பக் கெட்டுப்போகாதுங்களா டாக்டரம்மா?'ன்னு. 'இது இளக வைக்கறதுண்ணே. இதுக்கப்புறம் உறையப் போறதில்லை, நேரா வயித்துக்குப் போகுது'ன்னுச்சு. அவ சொன்னா சட்டம், நான் சொன்னாக் குத்தம்.

முப்பத்தஞ்சாவது நாளு ஸ்கேன் மிசினைக் கொண்டாந்து பாக்கும். ரங்காத்தா மாடு இல்லை. கொமரவேலு மாடு இல்லை. மரகதத்துக்கு ரெண்டு மாடு, ரெண்டும் இல்லை. ஒவ்வொரு வீடா இல்லை, இல்லை, இல்லைன்னு சொல்லிக்கிட்டே வருது. எங்க செவலைக்கு நின்னுச்சுங்க. ருக்குமணி அன்னைக்குத் தெருவுக்கே சக்கரை கொடுத்தா. ரெண்டு மாசம் முடியறதுக்குள்ள கலைஞ்சுருச்சு. அவ மூணு நாளு சாப்புடலை. அந்த மூணு நாளும் நான் வீட்டுக்குள்ள படுக்கலை, கட்டுத்தரையிலயே படுத்துக்கிட்டேன். அவ மொகத்தைப் பாக்க முடியலீங்க. அந்தச் செங்கொடி மட்டும் எதுக்க வந்திருந்தா அன்னைக்கு என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது.

இருபத்தொண்ணுல ஒண்ணு. அந்த ஒண்ணும் இல்லைன்னு ஆச்சு. பத்துக்கு மூணுன்னு சொன்ன வாயி எங்க போச்சு? ஊர்ல மெதுவாப் பேச ஆரம்பிச்சாங்க. அவளைப் பேசியிருந்தா நியாயம். என்னையப் பேசறாங்க! 'எல்லாக் குச்சியும் அண்ணன் தொட்டதுதானே. ராசி போயிருச்சாட்ட இருக்குது'ன்னு. என்ற காதுபடவே சொல்றாங்க. இங்க வந்து பூவும் வெத்தலையும் கொடுத்த அதே ஆளுங்க.

செரி, இதுவரைக்கும் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாதது இனிமேலதான் சார்.

தங்கமுத்துன்னு ஒருத்தன் இருக்கான். என்ற சித்தப்பன் மகன். பேசி பதினோரு வருசம் ஆச்சு. எங்களுக்குப் பொதுக் கெணறு, மோட்டார் முறை வெச்சு ஓட்டுவோம். எங்கப்பன் செத்த பதினாறாம் நாளு காரியத்துக்கு ஒறம்பரையெல்லாம் வந்திருக்குது, தண்ணிக்கு மோட்டாரைப் போட்டா, 'இன்னைக்கு என்ற முறை'ன்னு வந்து நிறுத்திப்போட்டான். செத்தது அவனுக்கும் பெரியப்பன்தானே? அன்னைக்குச் சொன்னேன், இனி உன்ற வீட்டு நெழல் என்ற மேல படாதுன்னு. இன்னைய வரைக்கும் படலை.

அவனுக்கு மூணு மாடு திட்டத்துல. மூணு குச்சியை அந்தம்மா நாலாவது குவளையில தனியாப் போட்டிருந்துச்சு. ஏன் தனியா? கேட்டா, மத்ததுல ஏழேழு ஆயிருச்சு, இடமில்லைன்னுது. அந்த மூணுல ரெண்டு நின்னுருச்சு சார்! மூணுல ரெண்டு! ஊர் பூரா இருபத்தொண்ணுக்கு ஒண்ணும் இல்லை, அவன் வீட்ல மட்டும் மூணுக்கு ரெண்டு. ஒரே லேப்பு, ஒரே கேனு, வெச்சது அதே செங்கொடி கை. எப்படிங்க? நீங்க படிச்சவர், நீங்களே சொல்லுங்க. நல்ல கருவெல்லாம் பொறுக்கி அவனுக்குப் போட்டுட்டு, நொள்ளையெல்லாம் ஊருக்குத் தள்ளியிருக்குது. வேற என்ன? அந்தம்மா அவன் வீட்லதான் மத்தியானம் சாப்புடும். என்ற வீட்ல ஒருநாள் சாப்புட்டதில்லை. நான் கூப்புடலைங்கறது வேற விசயம்.

மனு எழுதுனேன். 'டாக்டர் செங்கொடி ஒரு வீட்டுக்கு மட்டும் நல்ல கருவைக் கொடுத்து, மத்தவங்க மாட்டை ஒரு பருவம் வீணாக்கினார்.' பதினேழு கையெழுத்து. ஆபீஸ்ல கொண்டு போய்க் கொடுத்தேன். அப்புறம் கேள்விப்பட்டேன், அந்தம்மாவை இங்க இருந்து எடுத்து ஏதோ ஆபீஸ்ல உக்கார வெச்சுட்டாங்கன்னு. மாட்டுக்கிட்ட விடறதில்லையாம். போற அன்னைக்கு இங்க வந்துச்சுங்க. இதே எடத்துல நின்னுச்சு. சண்டை போடும்னு நெனச்சேன். 'அண்ணே, நீங்க தூக்கிக் காட்டிக்கிட்டுத்தான் இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். இப்பவாவது ஆபீஸ்ல சொல்லுங்க. எனக்காக இல்லை. உறைய வெச்ச கரு இந்த ஊருக்கு ஒத்துவரலைன்னு எழுதித் திட்டத்தை மூடிடுவாங்க. அடுத்த தடவை உங்க வீட்டு மாட்டுக்கும் கிடைக்காது'ன்னுச்சு.  எந்திரிச்சுப் போய்க் கேனுக்குப் பூட்டுப் போட்டேன். அந்தம்மா அதைப் பாத்துப்போட்டுப் போயிருச்சு. கண்ணு கலங்குனாப்புலதான் இருந்துச்சு. குத்தம் பண்ணுனவங்களுக்கும் கண்ணு கலங்குமுங்க.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியலை. போன வாரம் பொழுதோட ருக்குமணியக் காணோம். தேடிக்கிட்டுப் போறேன், எங்க இருக்கறா தெரியுமுங்களா? தங்கமுத்து கட்டுத்தரையில. பதினோரு வருசமா நாங்க மிதிக்காத எடம். அவனோட சினை மாட்டு வயித்துல கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா. அவன் சம்சாரம் பக்கத்துல நின்னு, 'இங்க வெச்சுப் பாருங்கக்கா, அசையுது'ங்கறா. இவ கண்ணை மூடிக்கிட்டுச் சிரிக்கறா. எனக்கு வந்த கோவத்துல அவ கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வரலாம்னு போனேன். போக முடியலை. வேலி ஓரத்துல நின்னு அழுதேன் சார். ஐம்பத்தேழு வயசு ஆம்பளை. அந்தச் சிரிப்பு என்ற வெள்ளிக்கெழமைச் சிரிப்புங்க. அதைக் கொண்டு போய் அவன் வீட்ல வெச்சுச் சிரிக்கறா.

எல்லாத்துக்கும் காரணம் அந்தச் செங்கொடி. எழுதிக்கிட்டீங்களா?

என்னுங்க? என்ன கேட்டீங்க?

தங்கமுத்து குச்சியையும் தூக்கிக் காட்டுனனான்னா கேக்கறீங்க? நல்லாக் கேட்டீங்க போங்க! அவனதையா? நானா? அவன் சம்சாரம் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து வாசல்ல நின்னுச்சு, 'மாமா, எங்களதையும் ஒருக்கா...'ன்னு. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். அந்த நாலாவது குவளைக் கம்பியில என்ற சுண்டு வெரல் பட்டதில்லை சார். மத்த குவளையைத் தூக்கும்போது அதுல இடிச்சுரக் கூடாதுன்னு பாத்துப் பாத்துத் தூக்குவேன். அவ்வளவு வைராக்கியம். எந்தக் கோயில்ல வேணாலும் கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்றேன். அவனுது மூணும் வந்த அன்னைக்கு எப்படி உள்ள போச்சோ, அந்தம்மா எடுக்கற அன்னைக்கு வரைக்கும் அப்படியேதான் நின்னுச்சு. எழுதுங்க, நல்லா அழுத்தி எழுதுங்க. அவன் பொருளை நான் சீண்டலைன்னு ஊருக்குத் தெரியட்டும்.

ஏனுங்க பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க?

செரி, கொடுங்க, நானே படிச்சுக்கறேன். எனக்குப் படிக்கத் தெரியும். எட்டாவது வரைக்கும் போயிருக்கேன்.

'சென்னியப்பன் தூக்கிக் காட்டிய கரு இருபத்தொன்று. தங்கியது எதுவும் இல்லை.' ஆமா. 'சென்னியப்பன் தொடாத கரு மூன்று. தங்கியது...'

எதுக்கு ரெண்டையும் இப்படி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதியிருக்கீங்க?

நான் இப்படிச் சொல்லலீங்களே. சொன்னேன். ஆனா இப்படிச் சேத்துச் சொல்லலை. நான் அங்கொண்ணு இங்கொண்ணு சொன்னதை நீங்க...

கொஞ்சம் இருங்க சார்.

பதினேழை மட்டும் நான் பதினோரு தடவை தூக்கியிருக்கேன். பன்னெண்டு வெள்ளிக்கெழமை, ஒரு வெள்ளிக்கெழமை மட்டும் அவளுக்குக் காச்சல், வரலை. பாதி செத்துத்தான் போயிருக்கும்போல, அப்புறமும் ரெண்டு மாசம் புடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்குது.

எங்க கையெழுத்துப் போடோணும்? இங்கீங்களா? போட்டுட்டேன். அந்த ஒரு வரி வேண்டாமுங்க, எழுத வேண்டாம். சாவியையும் எடுத்துக்குங்க, இந்தாங்க. அந்தம்மாவை மறுபடி மாட்டுக்கிட்ட விடறதுன்னா விடுங்க, எனக்கு அவளைப் புடிக்காது, சாகற வரைக்கும் புடிக்காது, அது வேற.

நீங்க போறப்ப எங்க வீட்டு வழியாத்தான் போவீங்க. ருக்குமணி வாசல்லதான் நிப்பா, விசாரணை என்ன ஆச்சுன்னு உங்களை நிறுத்திக் கேப்பா. நோட்டுல என்ன வேணா இருக்கட்டும் சார், மேல எங்க வேணா அனுப்பிக்குங்க. அவ கேட்டா மட்டும், செங்கொடிதான்னு சொல்லிப்போட்டுப் போயிருங்க.